அரக்கு வேட்டி

ஆரணியில் வெள்ளை வேட்டிக்கு ஓர் உருவம் உண்டென்றால் அது சொற்கொண்டல் நெடுஞ்செழியன்தான். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடைப் பேச்சாளர். மூடநம்பிக்கையைக் கிழிப்பது அவருடைய கலை. சொற்கொண்டல் என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது ஒரு பகுத்தறிவு மன்றம். மன்றத்தின் தலைவர் நெடுஞ்செழியன். செயலாளர் தணிகாசலம். வேறு உறுப்பினர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

தணிகாசலம் பணிவே உருவானவர். அண்ணன் உட்கார்ந்திருக்கும் மேடையில் உட்கார மாட்டார். அண்ணன் இல்லாத மேடையிலும் உட்கார மாட்டார். டீக்கடையில் பெஞ்ச் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் குடிப்பார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவா என்று ஊரே மெச்சியது.

நெடுஞ்செழியனின் புகழ்பெற்ற உரை ஒன்று உண்டு. 'வாய்மூடிச் சமூகமே, வாய் திற!' அதைக் கல்லூரியில் பேசியிருக்கிறார், கல்யாண வீட்டில் பேசியிருக்கிறார், போளூரில் ஓர் இரங்கல் கூட்டத்திலும் பேசியிருக்கிறார். 'தன் உடம்பைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவன் நோய்க்குக் காவல் நிற்கிறான்' என்ற வரியில் எப்போதும் கைதட்டல் விழும். விழாவிட்டால் தணிகாசலம் தட்டுவார்.

அப்பேர்ப்பட்டவர் மாசி மாதம் ஒரு காலை கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்தார். உடனே வாயை மூடிக்கொண்டார்.

முதலில் அது பீட்ரூட் என்று முடிவு செய்தார். அந்த வாரம் வீட்டில் பீட்ரூட் சமைக்கவில்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு சூடு என்று முடிவு செய்து மோரும் இளநீரும் குடித்தார். மாசியில் என்ன சூடு என்று யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லையே. மூன்றாவதாகப் பேருந்து நிலையச் சுவரில் இருந்த நோட்டீஸைப் படித்தார். 'மூலம், பௌத்திரம், வெடிப்பு. கத்தி இல்லை, வலி இல்லை, பத்தியம் இல்லை.' நாற்பது வருடமாக அந்தச் சுவரைக் காட்டித்தான் போலி வைத்தியத்தை அவர் கிழித்து வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலை மாற்றி, வேறு பேர் சொல்லி, அந்த எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு களிம்பு வந்தது. ரத்தம் நிற்கவில்லை. கூடவே முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று ஏதோ கசியவும் தொடங்கியது.

கசிவுக்கு மேடை, சபை, பட்டம் எதுவும் தெரியாது. பங்குனியில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தவர், எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் ஈரமாக இருப்பதை உணர்ந்தார். கும்பிட்ட கையோடு, கூட்டத்தைப் பார்த்தபடியே, பின்னோக்கி நடந்து மேடையை விட்டு இறங்கினார்.

"அவைக்கு முதுகு காட்டாத பண்பாளர் எங்கள் அண்ணன்!" என்று தணிகாசலம் மைக்கில் முழங்கினார்.

கைதட்டல் வானைப் பிளந்தது.

இரண்டு மேடைகளில் இப்படிப் பின்னோக்கி நடந்து, மூன்றாவதில் ஒலிபெருக்கி ஒயர் தடுக்கி விழப் பார்த்த பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவனுக்கு மட்டுமே உதிக்கக்கூடிய யோசனை. பக்கத்திலிருந்த முள்ளிப்பட்டுக்குப் போனார். அங்கே வீட்டில் தறி போட்டு முதலாளிகளுக்குப் புடவை நெய்துகொண்டிருந்த தருமன், அவரைப் பார்த்ததும் ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்தினான்.

"தருமா, எனக்கு ஒரு வேட்டி நெய்யணும். அரக்கு நிறம். நல்ல கெட்டி அரக்கு."

"அரக்குலயாங்க? புடவையா?"

"வேட்டிடா."

"யாருக்குங்க, கோயிலுக்கா?"

"எனக்குத்தான். ஒண்ணு இல்ல, நாலா போட்டுடு. சரிகை வேணாம்."

தருமன் அவரை மேலும் கீழும் பார்த்தான். இந்த மனிதர்தான் போன ஆடியில் தெருமுனையில் மைக் வைத்து, கூழ் வார்ப்பதைக் கேலி பண்ணியவர்.

"மாலை எப்பங்க போடறீங்க?" என்றான் மெதுவாக.

"என்ன மாலை? யாராவது போட்டா வாங்கிக்கப் போறேன். நீ ஜல்தியா நெய்யி."

நெடுஞ்செழியனுக்கு மாலை என்றால் மேடையில் விழுவது. தருமனுக்கு விரதத்துக்குப் போடுவது. அன்று சாயங்காலமே தருமன் வீட்டில் சொன்னான். வைகாசியில் சொற்கொண்டல் அரக்கு வேட்டி உடுத்தித் தெருவில் இறங்கியபோது, ஊருக்கு எல்லாம் புரிந்திருந்தது. அம்மன் அவரை ஆட்கொண்டுவிட்டாள். பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். ஒரு கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் வைத்தார்.

ஆனி பிறந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கே வந்தார்.

"பழச எல்லாம் நாங்க மனசுல வெச்சிக்கலிங்க. ஆத்தா கூப்ட்டா யாரால தப்ப முடியும்? ஆடி மொத வெள்ளிக்கிழம கூழ் வாக்கறோம். மொத கரண்டி நீங்கதான் ஊத்தணும்."

நெடுஞ்செழியன் தட்டைப் பார்த்தார். இல்லை என்றால், பிறகு எதற்கு இந்த வேட்டி என்ற கேள்வி வரும். அதற்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. ரத்தத்தை ஒப்புக்கொள்வதா, கடவுளை ஒப்புக்கொள்வதா என்று யோசித்தார். நாற்பது வருடக் கொள்கை அந்த அரை நிமிடத்தில் முடிந்தது. தட்டை வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவருடைய மனைவி ஜெயம். அவளுக்குச் சந்தேகம் வந்தது பக்தியால் அல்ல. குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர் கொஞ்ச நாளாகத் தன் வேட்டியைத் தானே துவைக்கிறார். அம்மன் ஆட்கொள்வாள், சரி. சோப்பு போடச் சொல்வாளா?

அடுத்த நாள் அவர் வேட்டியைப் பக்கெட்டில் ஊறப் போட்டிருந்த நேரம் போன் வந்தது. அவர் உள்ளே போய் யாருக்கோ பகுத்தறிவுக்கும் பக்திக்கும் உள்ள நுட்பமான உறவை விளக்கிக்கொண்டிருந்தார். ஜெயம் பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் சிவந்திருந்தது.

"படுபாவி தருமன், சாயத்துல ஏமாத்திட்டானே!"

ஜெயம் முள்ளிப்பட்டுப் பெண். கல்யாணம் வரை தறியில் உட்கார்ந்தவள். சண்டைக்குப் போவதென்றால் சாட்சியோடு போக வேண்டும் என்று, ஒரு குவளையில் நல்ல தண்ணீர் மொண்டு வேட்டியின் முன்கொசுவத்தை முக்கினாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கரையை முக்கினாள். தெளிவு. உட்காரும் இடத்தை முக்கினாள். தண்ணீர் நிறம் மாறியது. முகர்ந்து பார்த்தவள் அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வெளியே வந்தார்.

"இன்னாங்க இது?"

"சாயம் போகுது."

"முன்னாடி போகாத சாயம் பின்னாடி மட்டும் போவுமா?"

எந்தக் குறுக்குக் கேள்விக்கும் அசராத சொற்கொண்டல் பக்கெட்டைக் காலால் ஓரம் தள்ளினார்.

"சூடு" என்றார்.

"எத்தினி நாளா இந்தச் சூடு?"

"மாசியிலருந்து."

"இது ஆனி! அஞ்சு மாசமா ரத்தம் போய்கினு கீது, நீங்க கலர் மாத்திகினு கீறீங்க. பொறப்படுங்க."

"எங்க?"

"டாக்டராண்ட. எங்கன்னா கேக்கறீங்க, கூழு ஊத்தவா?"

டாக்டர் இவாஞ்சலின் ஆரணிக்காரர்தான். அறுவை சிகிச்சை நிபுணர். அவருடைய அப்பா நெடுஞ்செழியனின் கூட்டங்களுக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார். அது நெடுஞ்செழியனின் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. நாற்காலி நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க ஐயா, என்ன பண்ணுது?"

"மனித உடல் என்பது ஒரு விந்தையான..." என்று ஆரம்பித்தவர், டாக்டர் பேனாவைத் திறந்ததும் சுருக்கினார். "அடிவயிற்றுப் பகுதியில் ஒரு மெல்லிய அசௌகரியம்."

"வலியா?"

"வலி என்று சொல்வதற்கில்லை. ஒரு கசிவு."

"எங்கேருந்து?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "கீழிருந்து."

"கீழன்னா? கால்லயா?"

ஜெயம் பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தாள். "வெளிக்குப் போற எடத்துலருந்து ரத்தம் வருது டாக்டரம்மா. மாசியிலருந்து. சளி மாதிரி வேற வருது. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"அப்பாடா" என்றார் டாக்டர். எழுத ஆரம்பித்தார். ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தனியாக வருகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா? கலந்து. போகிற பழக்கம் மாறியிருக்கிறதா? அடிக்கடி போகிறார், போனாலும் முழுசாகப் போன மாதிரி இல்லை. இதையெல்லாம் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் வெறும் தலையாட்டலிலேயே பதில் சொன்னார். தமிழில் இத்தனை சொற்கள் இருந்து என்ன பயன்.

"எடை குறைஞ்சிருக்கா?"

"தெரியவில்லை."

"வேட்டி பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காரு" என்றாள் ஜெயம்.

டாக்டர் கையுறையை எடுத்தார். "கட்டில்ல இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க ஐயா. முழங்காலை மடக்கிக்கோங்க. விரல் விட்டுப் பாக்கணும். ஒரு நிமிஷந்தான்."

"விரலா?"

"அதுக்கப்புறம் வேலூர்ல குழாய் விட்டும் பாக்கச் சொல்லுவேன்."

நெடுஞ்செழியன் எழுந்தார். அவசரமாக ஒரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொன்னார். கும்பிட்டார். பின்னோக்கியே நடந்து கதவைத் தாண்டினார். வாசலில் செருப்பைக்கூட மாட்டவில்லை.

ஜெயம் மட்டும் உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் இது மூலந்தான்றாங்களே டாக்டரம்மா. எங்க தெருவுல பாதி பேரு தறியில உக்காந்து உக்காந்து மூலம்தான்."

"முக்காவாசி பேருக்கு மூலமோ வெடிப்போதான்மா. ஆனா இவர் அந்த முக்காவாசியா, மீதியான்னு வெளிய இருந்து யாரும் சொல்ல முடியாது. பாத்தாதான் தெரியும். வயசு நாப்பத்தஞ்சு தாண்டி ரத்தம் வருது, கலந்து வருது, சளி வருது, போற பழக்கம் மாறிப்போச்சு, காரணமில்லாம இளைக்கிறாரு. இதுல ஒண்ணு இருந்தாலே பாக்கணும். இவருக்கு எல்லாமே இருக்கு. வீட்டுல யாருக்காவது குடல்ல புத்து வந்திருந்தா அது இன்னொரு காரணம்."

"உடனே உசுருக்கு ஆபத்தா?"

"நிக்காம கொட்டுச்சுன்னா, தலை சுத்தி மயக்கம் வந்துச்சுன்னா, தார் மாதிரி கறுப்பாப் போச்சுன்னா அன்னிக்கே, அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இப்ப அந்த மாதிரி இல்ல. ஆனா தள்ளிப் போடற ஒவ்வொரு வாரமும் நமக்கு நல்லதில்ல. எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

ஜெயம் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஆடி முடியட்டும் ஜெயம். கூழ் வார்க்க வாக்குக் குடுத்துட்டேன். மக்கள் எதிர்பார்க்கறாங்க."

"உங்களுக்குத்தான் சாமியே கெடையாதே."

"மக்கள் இருக்காங்க."

"அந்த டாக்டரம்மா பொம்பளயாச்சேன்னு பாக்கறீங்களா? வேலூர்ல ஆம்பள டாக்டர் இருப்பாரு."

"அது இன்னும் மோசம்" என்றார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகவும் உண்மையாகவும்.

"சரி. மொத வெள்ளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீங்களா வரணும். வரலன்னா அதே மைக்குல நான் சொல்லுவேன்."

அவர் சிரித்தார். முப்பத்தைந்து வருடத்தில் ஜெயம் மேடை ஏறியது பொன்னாடைகளை மடித்து எடுத்துவரத்தான்.

ஆடி முதல் வெள்ளி. தெருவை அடைத்துப் பந்தல். வேப்பிலைத் தோரணம். அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் மணத்தன. சொம்பும் தூக்குமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேடையில் நெடுஞ்செழியன், கழுத்தில் மாலை, இடுப்பில் அரக்கு. பக்கத்து நாற்காலி காலி. தணிகாசலம் மைக்கைப் பிடித்து நின்றார்.

"அஞ்சாநெஞ்சர்! வெளிப்படையின் விளைநிலம்! உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர்! கொள்கையை உதறியவர் அல்ல, கொள்கையையே கடந்தவர்..."

நெடுஞ்செழியன் எழுந்து மைக்கை வாங்கினார். "அன்னையின் அருள்வடிவான என் அருமை மக்களே! மனம் திறந்து பேசுகிறேன்..."

"பேசுங்க" என்றாள் ஜெயம். எப்போது மேடை ஏறினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "மனச அப்பால தொறக்கலாம். அஞ்சு மாசமா ரத்தம் போவுதே, அத மொதல்ல பேசுங்க."

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மைக் அவள் கைக்கு வந்துவிட்டது.

"எல்லாரும் கேளுங்க. இவரு மாலை போடல. அம்மன் இவரக் கூப்பிடல. இவருக்கு ஆசனவாயில ரத்தம் வருது. வேட்டியில படறது தெரியக் கூடாதுன்னு அரக்கு கட்டிகினு கீறாரு. டாக்டர் பாக்கணும்னா ஓடிட்டாரு. செருப்ப வுட்டுட்டு ஓடிட்டாரு!"

கரண்டி ஒன்று அண்டாவுக்குள் விழுந்தது.

தணிகாசலம் முகம் வெளுத்து, ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். மைக் செத்தது.

அதனால் ஒன்றும் ஆகவில்லை. வரிசையாகத் தறிகள் அடிக்கிற வீட்டில், அந்தச் சத்தத்துக்கு மேலே பேசியே வளர்ந்த தொண்டை ஜெயத்துடையது. இவ்வளவு நாளும் அவள் கணவர் மைக்கில் பேசிய குரலைவிட அது இன்னும் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! என் வாயை எந்த சுச்சுல நிறுத்துவீங்க? வாய் தொற, வாய் தொறன்னு ஊரெல்லாம் சொன்னாரில்ல? தோ, தொறந்துட்டேன்!"

"இதெல்லாம் கோயில்ல பேசற பேச்சாம்மா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆத்தாளாண்ட சொல்ல முடியாத நோவுன்னு ஒண்ணு கீதா பெரியவரே? அம்மை வந்தா சொல்றீங்க, காலு வீங்குனா சொல்றீங்க. இது மட்டும் எந்த ஒடம்புல கீது? பக்கத்து வூட்டு ஒடம்புலயா?"

வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்தி, "சொல்லு ஜெயம்!" என்று தூக்கை உயர்த்தினாள்.

"மூலமா இருந்தா மருந்து குடுப்பாங்க, வந்துடலாம். வேற எதுனாவா இருந்தா? நான் இவரு படத்துக்கு மாலை போட்டுகினு குந்தணும். நீங்க வந்து அஞ்சாநெஞ்சர்னு பேசுவீங்க. எனக்கு அந்தப் பேச்சு வேணாம். ஆளு வேணும்."

"ஜெயம், இறங்கு" என்றார் நெடுஞ்செழியன் அடிக்குரலில்.

"நீ அங்க நிக்கற ஆட்டோவுல ஏறுய்யா, நான் எறங்கறேன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரை 'நீ' என்றது அன்றுதான். அவர் கமிட்டித் தலைவரைப் பார்த்தார். தலைவர் கையில் கரண்டியோடு வந்தார். இப்போது திட்டப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"போயிட்டு வாங்க" என்றார் தலைவர். "கூழு நான் ஊத்திக்கறேன். எங்க அப்பாவும் இப்படித்தான் சூடு, சூடுன்னு சொல்லிகினு இருந்தாரு."

மேடைக்குப் பின்னால் சுவர். முன்னால் கூட்டம், இரண்டு பக்கமும் கூட்டம். பின்னோக்கி நடக்க வழியில்லை. சொற்கொண்டல் திரும்பினார். ஊர் முழுவதற்கும் முதுகைக் காட்டி, அரக்கு வேட்டியின் பின்பக்கத்தைக் காட்டி, படி இறங்கி, கூட்டம் விலகிய வழியில் ஆட்டோ வரைக்கும் நடந்தார். யாரும் கைதட்டவில்லை.

ஆட்டோவில், "என் மானத்த வாங்கிட்ட" என்றார்.

"மானம் அரக்கு கலர்லயா இருந்தது?" என்றாள் ஜெயம். ஆனால் அவர் கையை விடவில்லை.

டாக்டர் இவாஞ்சலின், "மாலையைக் கழட்டிடுங்க ஐயா, குத்தும்" என்று மட்டும் சொன்னார். அவர் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். சொன்னபடி ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தைத் தவிர்க்கத்தான் ஐந்து மாதம், நான்கு வேட்டி, ஒரு தெய்வம்.

"மூலமும் இருக்கு" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. அந்த 'உம்'மில் ஜெயம் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அதுக்கு மேல கெட்டியா ஒண்ணு தட்டுப்படுது. வேலூருக்கு இன்னிக்கே எழுதித் தரேன்."

வேலூரில் குடலைக் கழுவும் மருந்தைக் குடிக்க வைத்து, மயக்கம் கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்தார்கள். துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. முதலில் கதிர்வீச்சும் மருந்தும், பிறகு அறுவை என்றார்கள். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும், மாசியிலேயே வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றும் அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

"இன்னும் ஆறு மாசம் அந்த வேட்டியைக் கட்டியிருந்தா?" என்று ஜெயம் கேட்டாள்.

டாக்டர் சிகிச்சைத் தேதியைச் சீட்டில் எழுதி நீட்டினார். நெடுஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தணிகாசலத்தின் போன் வந்தது. ஊருக்கு ஒரு பேனர் வைக்க வேண்டும், என்ன எழுதுவது என்று கேட்டார். 'சிறு உடல்நலக் குறைவு' என்று போடலாமா, 'ஓய்வில் இருக்கிறார்' என்று போடலாமா?

நெடுஞ்செழியன் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். மேடைக் குரல் வந்துவிட்டது. நடைபாதையில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதிக்க. ஆசனவாய்க்கு மேல் புற்றுநோய். ஐந்து மாதம் ரத்தம் வந்தது. மறைத்தேன். நீங்கள் மறைக்காதீர்கள். அவ்வளவுதான். அடைமொழி ஒண்ணும் வேணாம்."

"அண்ணே, ஆசனவாயின்னேவா?"

"வேற எங்கடா வந்தது எனக்கு?"

"படம் எது போடறது?"

"வெள்ளை வேட்டி."

பேனர் பேருந்து நிலையத்தில், மூலம் பௌத்திரம் நோட்டீஸை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றது. ஆண்கள் அதைப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போலப் படித்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி போனார்கள்.

மாற்றுத்துணி எடுத்துப் போக ஜெயம் ஆரணி வந்த அன்று, தணிகாசலம் வீட்டு வாசலில் நின்றார். வழக்கம்போல உட்கார மறுத்தார்.

"அண்ணி, ஒரு சின்ன சந்தேகம். எனக்கு இல்ல. என் சிநேகிதன் ஒருத்தனுக்கு..."

ஜெயம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவர் உட்காராத நாற்காலியைப் பார்த்தாள்.

"உன் சிநேகிதன் எத்தினி வருசமா நின்னுகினே டீ குடிக்கிறான்?"

தணிகாசலம் நாற்காலியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

"ஆட்டோ நிக்குது. அவனையும் ஏத்திகினு வா" என்றாள் ஜெயம், பையைத் தூக்கிக்கொண்டு. "சட்டுனு வரச் சொல்லு. ஊர் முழுக்கக் கேக்கற மாதிரி பேசற தொண்டை எனக்கு இன்னும் அப்படியேதான் கீது."